தானாகப் போன் போட்ட கம்ப்யூட்டர்

திண்டுக்கல்லில் தனியாளாகச் சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் நான். இன்டர்நெட்டுக்கு டெலிபோன் லைன்தான் என்றிருந்த காலத்தில், பழனியில் ஒரு லாட்ஜுக்கு ரூம் பதிவு செய்யும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ரசீது பிரிண்ட் எடுக்க, இலவசமாகக் கிடைத்த ஒரு டூலை அதில் சேர்த்திருந்தேன்.

தைப்பூசக் கூட்ட நேரத்தில் லாட்ஜ் மேனேஜர் அம்மா போனில் பொரிந்து தள்ளினார்.

"ஏனுங்க தம்பி, உங்க கம்ப்யூட்டரு தானா போன் போடுதுங்க! ரூம் கேட்டு ஆளுக கூப்பிடற நேரத்துல லைனைப் புடிச்சுக்குது. கீச்சுன்னு சத்தம் கேட்டதுமே கம்ப்யூட்டருக்குப் போற போன் வயரைப் புடுங்கிப் போட்டுட்டேனுங்க."

பஸ் பிடித்து ஓடினேன். தங்கியிருந்தவர்களின் பெயர், முகவரி அத்தனையையும் எங்கோ அனுப்புவதற்கு அந்த டூல் தயாராக வைத்திருந்தது. எல்லாரும் குடும்பத்தோடு முருகனைப் பார்க்க வந்தவர்கள். எந்த ஊரில் எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று முன்பின் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுத்தது போலல்லவா ஆகியிருக்கும்! நல்லவேளை, ஒன்றுகூடப் போகவில்லை.

அந்த அம்மாவின் கோபத்துக்கு இன்றும் மனதுக்குள் கும்பிடு போடுகிறேன். இப்போதெல்லாம் எந்த டூலையும் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் ஓட்டிப் பார்க்கிறேன். வயர் வேண்டுமென்று அடம்பிடித்தால் தூக்கி எறிந்துவிடுவேன். பிரிண்ட் எடுக்க வந்ததற்குப் போன் எதற்கு?