யாரும் கேட்காத பூசணிக்காய்

மனைவி இறந்த பிறகு நான் செபம் சொல்லாமலே சாப்பிடப் பழகியிருந்தேன். கர்த்தருக்கு எதிரான கலகம் என்று அதற்குப் பெயர் வைக்க ஆசைதான். ஆனால் கலகக்காரர்கள் மேசையிலாவது உட்காருவார்கள். நான் குசினியில் நின்றபடி சட்டியிலிருந்தே சாப்பிட்டேன். துயரத்தைப் பற்றிப் பெரியவர்கள் எழுதியதெல்லாம் என் அலமாரியில் இருந்தது. சட்டி கழுவுவது பற்றி அவர்களில் ஒருவரும் எழுதவில்லை.

அழுகிய பூசணிக்காய் ஒன்றைக் கிணற்றடியில் எறிந்திருந்தேன். மழைக்குப் பிறகு அது முளைத்துப் படர்ந்து ஒரேயொரு காய் காய்த்தது. நான் ஒரு வாளி தண்ணீர்கூட ஊற்றவில்லை.

அது முற்றும் நேரம் அறுவடைப் பண்டிகை வந்துவிட்டது. உடுப்பிட்டியில் எங்கள் தேவாலயத்தில் அன்று வீட்டில் விளைந்ததைப் பீடத்தின் முன் வைத்து, ஆராதனை முடிந்ததும் வெளியே மர நிழலில் ஏலம் விடுவார்கள். வெறுங்கையோடு போனால் நாலு பேர் அனுதாபப்படுவார்களே என்ற பயத்தில் பூசணிக்காயைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். என் காணிக்கையின் பக்தி அவ்வளவுதான்.

வாழைக்குலைக்குப் பலத்த போட்டி. முருங்கைக்காய்க் கட்டுக்காக இரண்டு மச்சான்மார் ஒருவரையொருவர் முறைத்தார்கள். என் பூசணிக்காய் வந்தபோது எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். அந்த வருஷம் எல்லார் வளவிலும் பூசணிதான். ஏலம் கூறியவர் அதைத் தூக்கிக் காட்டினார், தட்டிக் காட்டினார். பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் நானே கையை உயர்த்தினேன். அவர் ஏலத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“மாஸ்டர், உது நீங்கள் கொண்டுவந்ததெல்லோ?”

“ஓம்.”

“கர்த்தருக்குக் குடுத்ததைத் திருப்பி வாங்கிறியளோ?”

“அவரும் தனிய இருந்து உவ்வளவையும் என்னெண்டு சாப்பிடுவார்?”

சனம் சிரித்தது. நான் காசைக் கொடுத்துப் பூசணிக்காயை மறுபடியும் சைக்கிளில் கட்டினேன்.

வீட்டுக்கு வந்து அதை வெட்டி, பாதியைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்தேன். சைவக்காரர், எங்கள் பண்டிகைகளோடு அவருக்குச் சம்பந்தமில்லை. மத்தியானம் அவரே கறியும் சோறுமாக வந்து நின்றார்.

“ஆற முதல் சாப்பிடுங்கோ அண்ணை. இண்டைக்காவது இருந்து சாப்பிடுங்கோ. நீங்கள் நிண்டுகொண்டு சாப்பிடுறது எங்கடை யன்னலாலை தெரியுது.”

தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவர் போய்விட்டார்.

மேசையில் கிடந்த பேப்பர்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். நான் நடாத கொடிக்காகவும், என்னை ஒரு யன்னல் பார்த்துக்கொண்டிருந்ததற்காகவும் நன்றி சொன்னேன். மனைவியை எடுத்துக்கொண்டது நியாயமில்லை என்றும் சொன்னேன். இரண்டையும் ஒரே செபத்தில் சொல்லலாம் என்று ஞாயிறு பள்ளியில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆமென் சொல்ல எதிரே ஆளில்லை. நானே சொன்னேன்.

கறிக்கு உப்புக் காணாது. எழும்பிப் போகாமல் இருந்தே சாப்பிட்டேன்.