சந்தனம் பூசிய சேவர்

என் பழைய போனின் கண்ணாடி உடைந்து, பற்றரியும் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது என்றான பிறகு அதற்கு நான் பதவி உயர்வு கொடுத்தேன். கட்டைகளை அடுக்கி வீடு கட்டி, தோட்டம் செய்து, கோழி வளர்க்கும் ஒரு விளையாட்டு இருக்கிறது. பலர் ஒரே உலகத்துக்குள் வந்து விளையாட வேண்டுமென்றால் அந்த உலகம் எங்காவது ஒரு கருவியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதைத்தான் சேவர் என்கிறார்கள். எங்கள் வீட்டுச் சேவர், சார்ஜரில் செருகியபடியே கிடந்த அந்தப் போன்தான்.

முதலில் வாடகை வீட்டில் அலுமாரிக்கு மேல் இருந்தது. பரந்தனில் சொந்த வீடு கட்டி வந்தபோது சாமி அறைக்குப் போனது. பக்தியால் அல்ல. இன்ரநெற் வயர் அந்த யன்னல் வழியாகத்தான் வந்தது. ரவுட்டர் பிள்ளையார் படத்துக்கு வலப்பக்கம், போன் இடப்பக்கம்.

"உந்தப் போனை ஒருநாளும் நிப்பாட்டமாட்டியோ?" என்று அம்மா கேட்டார்.

"இல்லையம்மா. இரவு பகலா வேலை செய்யிற சாமான் இது."

"பாவம்," என்றார் அம்மா. அந்தப் பாவத்தை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அந்த உலகத்தில் குடியிருந்தவர்கள் இரண்டே பேர், நானும் அக்காவும். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மல்லாவியில் தையல் கடை வைத்திருக்கிறார். பின்னேரம் நான்கு மணிக்குத் தேத்தண்ணி குடித்துவிட்டு, மெஷினை மூடிவிட்டு, போனைத் திறந்து தன் பூசணித் தோட்டத்துக்கு வருவார். நான் கந்தோரில் கோப்புக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு போவேன். கதைத்துக்கொண்டே கோழிக்குத் தீன் போடுவோம்.

அந்தப் பேச்சு நின்றது, குடிபூரல் என்ற புதுமனை புகுவிழாவோடு. போன வருடம் புது வீட்டுக்குக் குடிபூரல் வைத்தபோது, நேரம் இல்லை என்று அழைப்பிதழைப் படம் பிடித்து எல்லோருக்கும் மெசேஜில் அனுப்பினேன். அந்த எல்லோருக்குள் அக்காவும் இருந்தார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்குப் போய், வெற்றிலைத் தட்டம் நீட்டி, வாயால் சொன்னால்தான் அழைப்பு. அம்மா போனில் கெஞ்சியதும் கணக்கில் இல்லையாம், வீட்டுக்காரன் நான்தானாம். அக்கா வரவில்லை. அதன்பிறகு என் அழைப்பை எடுக்கவும் இல்லை.

ஆனால் நான்கு மணிக்குத் தோட்டத்துக்கு மட்டும் தவறாமல் வந்தார். ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் ஒருமுறை தவறிப்போய் அவர் பயிரை மிதித்துவிட்டேன். மறுநாள் அங்கே ஒரு பலகை நின்றது: "கண் தெரியாதவர்கள் சுற்றிப் போகவும்." அதை வாசித்து நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். திட்டாவது வருகிறதே. அக்காவுக்கும் எனக்கும் இடையில் மிஞ்சியிருந்த ஒரே வழி அந்த உடைந்த போன்தான். அது செத்தால் அக்காவும் போய்விடுவார் என்று உள்ளுக்குள் பயந்துகொண்டே இருந்தேன்.

ஆயுத பூசை அன்று நான்கு மணிக்குக் கந்தோரில் இருந்து போய்ப் பார்த்தேன். உலகம் இல்லை. மூன்று தரம் முயன்றேன், இல்லவே இல்லை. தலையிடி என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் பறந்தேன்.

சாமி அறையில் மண்வெட்டி, கத்தி, தண்ணிப் பம்ப், அம்மாவின் அரிவாள் எல்லாம் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு இருந்தன. நடுவில் என் சேவர். நிப்பாட்டி, சார்ஜரைக் கழற்றி, நெற்றியில் குங்குமம், தலையில் செவ்வரத்தம்பூ. சார்ஜர் குத்தும் ஓட்டைக்குள் அரைத்த சந்தனம் அடைந்து, காய்ந்து, சீமெந்தாக நின்றது.

"அம்மா, என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"வருசம் முழுக்க உழைக்கிறதெண்டு நீதானே சொன்னனி? இண்டைக்கு ஒருநாள் ஆயுதங்களுக்கு ஓய்வு. மண்வெட்டிக்கு இருக்கிற மரியாதை அதுக்கு இல்லையோ?"

ஈர்க்கால் கிண்டினேன், சந்தனம் இன்னும் உள்ளே போனது. அக்காவுக்கு விசயத்தை எழுதி அனுப்பலாம் என்று என் புதுப் போனை எடுத்தேன். இன்னொரு மெசேஜ் அனுப்பினால் அக்கா மல்லாவியையே விட்டுப் போய்விடுவார் என்று தோன்ற, வைத்துவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் படலை படாரென்று திறந்தது. மல்லாவியில் இருந்து மாங்குளம் வந்து பஸ் மாறி, அக்கா வந்து நின்றார்.

"தோட்டத்தாலை என்னைக் கலைச்சுப்போட்டாய், என்ன? கோழியளையும் சாக்காட்டிப்போட்டியோ?"

ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அக்காவின் குரலைக் கேட்டேன். சாமி அறைக்குக் கூட்டிப்போய்ப் போனைக் காட்டினேன். அக்கா அம்மாவைப் பார்த்தார், பிள்ளையாரைப் பார்த்தார். சிரிப்பை விழுங்கிக்கொண்டு கைப்பையில் இருந்து தையல் ஊசியை எடுத்தார். நான் டோர்ச் பிடித்தேன். அரை மணித்தியாலம் சந்தனத்தைத் துகள் துகளாகக் கிளறி எடுத்த பிறகு சார்ஜர் உள்ளே போனது. உலகம் எழும்பியது. தோட்டமும் கோழிகளும் விட்ட இடத்திலேயே நின்றன.

"நேற்றுப் பசிச்சிருக்குமோ?"

"இல்லையக்கா. சேவர் நிண்டால் அங்க நேரமும் நிண்டிடும். அதுகளுக்கு ஒண்டும் தெரியாது."

"குடுத்துவைச்சதுகள்," என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்தார். அம்மா நீட்டிய தேத்தண்ணியைத் தொடவில்லை. வாயால் அழைக்காத வீட்டில் அக்கா வாய் நனைக்கமாட்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூசைக்கு வைத்த வெற்றிலைத் தட்டத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"உது என்ர வீட்டை வந்தெல்லோ சொல்லவேணும்," என்று அக்கா பஸ்சுக்கு நடந்தார்.

அதே பஸ்சில் நானும் தட்டத்தோடு ஏறினேன். மூன்று சீற் பின்னால் இருந்தேன். அக்கா ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு யன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். "சம்பந்தம் பேசப் போறியளோ அண்ணை?" என்று கொண்டக்டர் கேட்டார். "அதைவிடக் கஷ்டமான அலுவல்," என்றேன்.

மல்லாவியில் அக்கா முன்னால் போய்க் கதவைச் சாத்தினார். நான் தட்டினேன். முகம் கழுவி, சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அன்றுதான் என்னை முதன்முதல் காண்பவர்போல் கதவைத் திறந்தார்.

"எட, தம்பியோ? வா, இரு."

நான் இருக்கவில்லை. இரண்டு கையாலும் தட்டத்தை நீட்டினேன். வெற்றிலை பஸ் சூட்டில் வதங்கிப்போயிருந்தது. "அக்கா, புது வீடு குடிபூருறம். நீங்கள் கட்டாயம் வரவேணும்."

"எப்ப?"

"போன வருசம்."

அக்கா தட்டத்தை வாங்கி, வதங்கிய வெற்றிலைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஓம், வாறன்," என்றார். "எண்டாலும் நாலு மணிக்கு முன்னம் என்னை விட்டிடோணும். கோழியளுக்குத் தீன் போடவேணும்."