ஃபின்டனின் எண்

அயர்லாந்தின் லிமரிக் நகரில் அடுக்குமாடி வீடு கட்டி விற்றவர் ஃபின்டன் கடிஹி. சொந்தத் தொழில் தொடங்க வந்த இளசுகளுக்கெல்லாம் கைகொடுத்தவர். அவர்களில் ஒருத்தியான ஓர்லாவின் பேக்கரிக்கு இடம் கொடுத்து, அடுப்பை எங்கே வைப்பது என்பதுவரை கூட நின்று சொன்னார். அவர் இறந்த பிறகு பேக்கரிக்கு எதிரே பெரிய கடை வந்தது. அவள் வியாபாரம் படுத்துவிட்டது. ஒரு மதியம் வேறு வழி தெரியாமல் அவருடைய போன் எண்ணையே அழைத்தாள். அவர் மனைவி பிரீடா எடுத்தார்.

"மன்னிச்சிடுங்க பிரீடா. கேக்க எனக்கு வேற யாருமில்ல. கடைய மூடிடவா? அவர் இருந்தா என்ன சொல்லியிருப்பார்?"

"அவருக்கு என்னம்மா தெரியும்? நீங்கள்லாம் கேட்டுட்டுப் போனதும், 'அந்தப் பொண்ணுக்கு என்ன சொல்றது பிரீடா'ன்னு என்கிட்டதான் வந்து நிப்பார். டீ ஆறிப்போற வரைக்கும் ரெண்டு பேரும் முழிச்சிட்டு உக்காந்திருப்போம்."

ஓர்லாவுக்குக் கடைசிப் பிடியும் நழுவியது போலிருந்தது.

"முன்ன அவர் கட்டின வீடுங்க பணமில்லாம பாதியில நின்னப்போ என்ன செஞ்சார்?"

"ரொம்ப அழுதார். அப்புறம் இனி வேலையில்லன்னு வேலையாளுங்ககிட்ட அவரே போய்ச் சொன்னார். ஊரார் சொல்லி அவங்க கேக்கக் கூடாதுன்னார்."

ஓர்லா போனை வைத்துவிட்டுப் பேக்கரிக்குள் போனாள். மாவு பிசைந்துகொண்டிருந்த அவளுடைய வேலையாட்களான இரண்டு பெண்களும் அவள் முகத்தைப் பார்த்துக் கையை நிறுத்தினார்கள். "இந்த வாரத்தோட மூடுறோம்" என்று சொல்லி முடிக்குமுன் அவள்தான் முதலில் அழுதாள்.