மகளின் பெல்ட்டில் நான் ஒட்டிய தோல்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தைப்பவள் நான். ஷூ காலைக் கடித்தால் உள்ளே மெல்லிய ஆட்டுத்தோல் ஒட்டுவோம். முதுகுத்தண்டு வளைந்த என் மகளுக்கு, வளைவை நிமிர்த்த மாட்டிய பிளாஸ்டிக் பெல்ட் விலாவை அழுத்தியது, அழுதாள். அழுத்திய தடித்த உள்பட்டையைப் பிய்த்துவிட்டுத் தோல் ஒட்டினேன். அழுகை நின்றது. எனக்குப் பெருமை.

நான்கு மாதம் கழித்து வேலூரில் எடுத்த எக்ஸ்ரேயில் வளைவு கூடியிருந்தது. பெல்ட் செய்தவர் உள்ளே விரலால் தடவிப் பார்த்தார்.

“ஒட்டினது நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா அந்த அழுத்தந்தாம்மா வைத்தியமே.”

திட்டாமல் புதுப் பட்டை வைத்து, முதுகுப்பக்க வாரை எதுவரை இழுத்துக் கட்டவேண்டும் என்று கோடு போட்டுக் கொடுத்தார். “உரசுற அக்குள் ஓரத்துல மட்டும் தோல் ஒட்டிக்குங்க.”

மகளுக்கு வலிக்கிறதே என்றுதான் ஒட்டியதாகச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் அழுவதை என்னால்தான் தாங்க முடியவில்லை.

அதன்பிறகு வளைவு கூடவில்லை. தினமும் காலையில் முதுகைக் காட்டி நின்று, “வாரைக் கோடு வரைக்கும் இழும்மா” என்கிறாள்.

இழுக்கிறேன்.