எரியாத மஞ்சள்

பதினெட்டு வயதில் என் முகத்துக்கு வந்த பருக்கள் இருபத்திரண்டில்தான் அடங்கின. அடங்கியவை சும்மா போகவில்லை. இரண்டு கன்னங்களிலும் கடுகைச் சிதறியதுபோல் கரும்புள்ளிகளையும், அவற்றுக்கு இடையில் மாறாத ஒரு சிவப்பையும் விட்டுவிட்டுப் போயின. வெயிலில் நடந்தால் சிவப்பு கூடும். கோபம் வந்தாலும் கூடும். எனக்குக் கோபம் வராத நாள் குறைவு.

எழுபதுகளின் பிற்பாதி அது. மட்டாஞ்சேரியில், பஜார் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் எங்கள் வீடு இருந்தது. பாலக்காட்டிலிருந்து எப்போதோ வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் அங்கே ஏழெட்டு. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். அப்பா இறந்து பத்து வருடமாகியிருந்தது. அம்மாவும் நானும் மட்டும்தான். ஊறுகாய் போட்டு விற்று அம்மா என்னைப் பத்தாவது வரை படிக்கவைத்துவிட்டு, எப்படியாவது ஒரு கல்யாணத்தைச் செய்துவிடவேண்டும் என்று காத்திருந்தாள். மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்று பேரும் சாயா குடித்தார்கள், என் கன்னத்தைப் பார்த்தார்கள், ஊருக்குப் போய்க் கடிதம் போடுவதாகச் சொன்னார்கள்.

அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் எலுமிச்சம்பழம். பாதியாக அறுத்து, சர்க்கரையில் தொட்டு, கன்னத்தில் அழுத்தித் தேய்ப்பாள். உயிர் போகும். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்பது அவள் கட்சி. தேய்த்த மறுநாள் புள்ளி அப்படியே இருக்கும், சிவப்பு மட்டும் இரண்டு மடங்காகும்.

பக்கத்து வீட்டுப் பெண்தான் என்னை அதிலிருந்து காப்பாற்றினாள். அப்படித்தான் அப்போது நினைத்தேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். என்னைவிட நான்கு மாதம் இளையவள். ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனோம், ஒரே நாளில் அம்மை வந்து படுத்தோம். அவளுக்கும் கன்னத்தில் புள்ளிகள் இருந்தன, என் அளவுக்கு இல்லை. அவள் அப்பா யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு மசாலா குடோனில் சரக்கின் தரம் பார்க்கிறவர். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து முகர்ந்தாரென்றால், எந்த மலையில் விளைந்தது, எந்த மழையில் நனைந்தது என்று சொல்லிவிடுவார்.

"எடீ, எலுமிச்சங்கா மதி, போதும். கஸ்தூரி மஞ்சள்னு ஒண்ணு உண்டு. எங்கப்பா கொண்டு வந்திருக்கார். முகத்துல எரியவே எரியாது, கேட்டியா? ஆனா மெதுவாத்தான் கேக்கும். ஆறு மாசம் தினம் போடணும்."

அப்படியொரு மஞ்சளை நான் கண்டதில்லை. மறுநாள் மலையாளப் பத்திரிகைத் துண்டில் மடித்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். நல்ல மஞ்சள் நிறத்தில் மென்மையான பொடி. தண்ணீரில் குழைத்துப் பூசினேன். எரியவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு. என் முகத்துக்கு நல்லது செய்ய வந்த எதுவும் அதுவரை என்னை வதைக்காமல் இருந்ததில்லை.

அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்கு எங்கள் கிணற்றடியில் உட்காருவோம். அவள் வரும்போதே பூசிக்கொண்டு வருவாள். எனக்கு ஒரு பொட்டலம் கொடுப்பாள். முகம் காயும்வரை சிரிக்கக்கூடாது என்று பந்தயம் வைப்போம். எப்போதும் நான்தான் தோற்பேன்.

இரண்டு மாதத்தில் அவள் முகம் தெளிய ஆரம்பித்தது. என் முகம் அப்படியே இருந்தது. ஒரு நாள் கேட்டேன், "உன் முகத்துல காஞ்சா வெளுப்பா இருக்கு. எனக்கு ஏன் இத்தன மஞ்சளா இருக்கு?"

அவள் யோசிக்கவேயில்லை. "நான் பால்ல குழைக்கிறேன். நீ வெறும் பச்சத் தண்ணியிலல்ல குழைக்கிற."

பால் எங்கள் வீட்டில் அளந்து வாங்குவது. காலையில் கால் லிட்டர், அது அம்மாவின் இரண்டு வேளைச் சாயாவுக்கு. அம்மாவிடம் சொன்னேன். அவள் மறுநாளிலிருந்து பாலில்லாத கட்டன் சாயா குடிக்க ஆரம்பித்தாள். சாயா மட்டும்தான் அம்மாவுக்கு இருந்த ஒரே ஆடம்பரம். ஐந்து மாதம் அந்தப் பால் என் கன்னத்துக்குப் போனது.

பாலில் குழைத்தும் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. கழுவினாலும் ஒரு சாயல் போகாது. "உன் தொலி செவப்பில்லியா, அதான் எடுத்துக் காட்டுது. பொறுமை வேணும்டி உனக்கு" என்றாள். என்னிடம் இல்லாத ஒரே சாமான் பொறுமை என்பது சந்து முழுக்கத் தெரிந்த விஷயம். அதனால் நம்பினேன். குறை என் தோலில், இல்லையென்றால் என் குணத்தில் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பாலக்காட்டிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. பையன் பள்ளிக்கூட ஆசிரியர். தரகர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார்: இவ்வளவு தூரம் வருகிறார்கள், சந்தில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், இரண்டு வீட்டையும் பார்த்துவிட்டுப் போவார்கள். முதலில் எங்கள் வீடு, பிறகு அவள் வீடு. எங்களுக்கு அது சங்கடமாக இல்லை, வேடிக்கையாக இருந்தது. யாருக்கு அமைந்தாலும் மற்றவள்தான் கல்யாணத்தில் நலங்கு மாவு குழைத்து முதலில் பூசவேண்டும் என்று கிணற்றடியில் கையடித்துச் சத்தியம் செய்தோம்.

முந்தின நாள் சாயங்காலம் வழக்கத்தைவிடப் பெரிய பொட்டலமாகக் கொண்டுவந்தாள். "நாளைக்கு வராங்கல்ல. காலையில எழுந்ததும் கெட்டியாப் போடு. ஒரு மணிக்கூறு அப்படியே விடு. முகம் மின்னும் பாரு."

மின்னத்தான் செய்தது. கழுவிக் கழுவிப் பார்த்தேன், போகவில்லை. பவுடரை அப்பிக்கொண்டு போய் நின்றேன்.

பையனின் அம்மா என்னைக் கிட்டே கூப்பிட்டாள். தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "கொழந்தைக்கு மஞ்சக்காமாலை ஏதாச்சும் வந்துதா?"

"அய்யோ, இல்ல. மஞ்ச தேச்சுக் குளிச்சிருக்கா" என்றாள் அம்மா.

"கண்ணக் காட்டு மோளே." அந்த அம்மாள் தன் கட்டைவிரலால் என் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். முதலில் ஒரு கண். அப்புறம் அடுத்தது. பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தையில் மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே, அப்படி நின்றேன். என் கண்ணில் ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் சாயா டம்ளரை அவள் தொடவில்லை.

அரைமணி நேரத்தில் பக்கத்து வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரே சுவர் என்று சொன்னேனல்லவா. தட்டு வைக்கும் ஓசைகூடக் கேட்டது. அம்மா அடுப்படியில் போய் உட்கார்ந்து, யாருக்கும் வேண்டாத அந்த ஐந்து டம்ளர் சாயாவை ஒவ்வொன்றாகக் கொட்டினாள். அன்று பால் சேர்த்துப் போட்டிருந்தாள்.

நான் அழுதேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவள்மேல் எனக்கு ஒரு துளி வருத்தமில்லை. இரண்டு பேரில் ஒருத்திக்கு அமைந்தது. அவளுக்கு அமைந்ததே என்று நானே போய்க் கட்டிப்பிடித்தேன். என்னைவிட அதிகமாக அழுதாள். அந்த அழுகைக்கு என்ன பொருள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நலங்கு. சத்தியப்படி மாவு குழைக்க அவர்கள் வீட்டு அடுப்படிக்குப் போனேன். அவள் அம்மா பந்திக்குக் காய் நறுக்குகிறவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, கஸ்தூரி மஞ்சள் எங்க இருக்கு?"

"மேல் தட்டுல பாரு மோளே. பித்தள டப்பா."

மேல் தட்டில் டப்பாக்கள் இரண்டு. ஒன்று பித்தளை, ஒன்று பழைய பிஸ்கட் தகரம். பித்தளையைத் திறந்தேன். உள்ளே இருந்தது மஞ்சளே இல்லை. சந்தனத்தைவிட வெளுத்த ஒரு பொடி. மூடியைத் திறந்ததுமே கற்பூரத்தைக் கசக்கியதுபோல் ஒரு மணம் எழுந்தது. அந்த மணம் எனக்குப் புதிதில்லை, கிணற்றடியில் தினமும் அவள் முகத்திலிருந்து வந்த மணம். அவள் சோப்பு என்று நினைத்திருந்தேன்.

தப்பான டப்பாவை எடுத்துவிட்டோம் என்று பிஸ்கட் தகரத்தைத் திறந்தேன். அதில் என் மஞ்சள். பக்கத்திலேயே, சதுரம் சதுரமாகக் கத்தரித்து அடுக்கி வைத்த மலையாளப் பத்திரிகைத் துண்டுகள்.

"அத எடுக்காதே" என்று பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. "அது மஞ்சக்கூவடி. காட்டு மஞ்ச. முகத்துல போட்டா நிறம்தான் பிடிக்கும், ஒரு பிரயோஜனமும் இல்ல. இவதான் யாருக்கோ குடுக்கணும்னு தனியா இடிச்சு வெச்சிருந்தா. பித்தளையில உள்ளதுதான் நல்லது. கொஞ்சம்தான் கிடைக்கும்னு இவ யாரையும் தொட விடமாட்டா."

அத்தைக்கு ஒன்றும் தெரியாது. சொல்லிவிட்டு வெண்டைக்காய்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நல்ல மஞ்சள் கொஞ்சம்தான் இருந்தது, சரி. எனக்கு இல்லை என்று சொல்லியிருக்கலாமே. நான் எலுமிச்சம்பழத்தோடு கிடந்திருப்பேன், அம்மாவாவது பால் சாயா குடித்திருப்பாள். முதல் பொட்டலத்தை வேண்டுமானால் அற்பத்தனம் என்று மன்னித்துவிடலாம். பாலில் குழைக்கச் சொன்னதை எதில் சேர்ப்பது? முந்தின நாள் கொண்டுவந்த அந்தப் பெரிய பொட்டலத்தை எதில் சேர்ப்பது? முகத்தில் கரியைப் பூசிவிட்டாள் என்று கோபத்தில் சொல்வோம். எனக்கு அவள் மஞ்சள் பூசினாள், அதையும் என் கையாலேயே பூசவைத்தாள்.

பித்தளை டப்பாவிலிருந்ததை எடுத்துக் குழைத்தேன். கூடத்துக்குக் கொண்டுபோனேன். பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். பலகையில் அவள், பட்டுப்புடவையில், புள்ளி ஒன்றுகூட இல்லாத கன்னங்களோடு. "முதல்ல நீதான்டி. சத்தியம் நினைவிருக்கா?" என்று சிரித்தாள். என் பத்து விரலிலும் எடுத்து அவள் கன்னத்தில் பூசினேன். கேட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது. கேட்டால் "அய்யோ, எனக்குத் தெரியாதுடி" என்பாள். அதையும் நான் நம்பிவிடுவேன் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். என் கோபத்துக்குச் சந்தில் பெயர் உண்டு. அன்று அது எங்கே போய் ஒளிந்தது என்று தெரியவில்லை.

சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தேன். விரல் இடுக்கில் மாவு ஒட்டியிருந்தது. கழுவவில்லை. கண்ணாடி முன் நின்று அதை வழித்து என் கன்னத்தில் பூசிக்கொண்டேன். அதுவும் எரியவில்லை.

பிறகு பஜார் ரோட்டில் நாட்டு மருந்துக் கடையில் கேட்டுக் கேட்டு நல்ல கஸ்தூரி மஞ்சளை நானே வாங்க ஆரம்பித்தேன். முகர்ந்து பார்க்காமல் வாங்கமாட்டேன். தண்ணீரில்தான் குழைத்தேன். முதலில் சிவப்பு தணிந்தது. புள்ளிகள் ஏழெட்டு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மங்கின. அவள் சொன்னதில் அது ஒன்று மட்டும் உண்மை, மெதுவாகத்தான் கேட்கும். எர்ணாகுளத்தில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது, தினமும் படகில் போய்வந்தேன். எனக்கும் கல்யாணமானது, நல்ல மனிதர்தான். அதனால் நடந்தது நடக்காததாகிவிடுமா என்ன? ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒரு ஆள் இருந்தாள், அவள் இல்லாமல் போனாள். அந்த இடத்தில் வேறு யாரையும் என்னால் வைக்க முடியவில்லை.

எண்பதுகளின் நடுவில் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மலையாளத்தில்தான். அவளுக்குத் தமிழ் எழுத வராது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கன்னம் இரண்டிலும் மங்கு விழுந்துவிட்டதாம். கருத்துப்போய், வெயிலில் சிவந்தும்விடுகிறதாம். மாமியார் வாய்க்கு வந்ததைச் சொல்கிறாளாம். "இங்கே கிடைப்பதெல்லாம் வெறும் மஞ்சக்கூவ. அப்பாவும் போய்விட்டார். உனக்கு நல்லது எது என்று தெரியும். நாம் கிணற்றடியில் போட்டதுபோல் கொஞ்சம் அனுப்புவாயா?"

அந்தக் கடைசி வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. கூவை எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் எனக்குக் கொடுத்தது அதைத்தான் என்று எனக்குத் தெரியும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

அவள் கடிதத்தைக் கிழித்துப்போடலாம். கூவையை இடித்து அனுப்பலாம், அது எனக்கு மிக எளிது. கடைக்குப் போனேன். இரண்டும் வாங்கினேன். இரண்டையும் இடித்துச் சலித்தேன். பழைய பத்திரிகையைச் சதுரமாகக் கத்தரித்து, வெளுத்ததை ஒரு பெரிய பொட்டலமாகவும், மஞ்சளை ஒரு சிறிய பொட்டலமாகவும் மடித்தேன். அவளுக்கு நன்றாகப் புரியவேண்டும் என்று மலையாளத்தில், பெரியதன்மேல் "உனக்கு" என்று எழுதினேன். சிறியதன்மேல் "நீ எனக்குக் கொடுத்தது" என்று எழுதினேன்.

வேறு கடிதம் எதுவும் வைக்கவில்லை. தபாலில் சேர்த்துவிட்டு வரும் வழியில் அம்மாவுக்கு ஒரு லிட்டர் பால் வாங்கினேன்.

அவளிடமிருந்து அதன்பின் ஒரு வரியும் வரவில்லை. முகம் தெளிந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.