பேராசிரியரை எதிர்த்துப் பேசினேன்

போன செவ்வாய்க்கிழமை ஒரு பேராசிரியரை எதிர்த்துப் பேசிவிட்டு வந்தேன்.

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்குத் தெரியும். வாத்தியார் சொன்னால் சொன்னதுதான். கையைக் கட்டு, தலையை ஆட்டு, 'ஓம் சேர்' சொல்லு... கோப்பன்ஹேகன் வந்தும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

இந்தப் பத்தியை விடாமல் வாசிப்பவர்கள் அறிவீர்கள் — நான் இங்கே சட்டத்தில் இளநிலைப் பட்டம் படிக்கிறேன். முடித்ததும் ஒரு வழக்கறிஞரிடம் சட்ட உதவியாளராகச் சேர்வது திட்டம். புரொண்பியில் இருக்கும் நண்பர் சிவம் அண்ணைக்கு இது பிடிபடவே இல்லை.

"அப்ப நீர் கோட்டிலை வழக்குப் பேசுற அப்புக்காத்து இல்லையோ?"

"இல்லை அண்ணை. அப்புக்காத்துக்கு வழக்கைத் தயார் பண்ணிக் குடுக்கிற ஆள்."

"அதுக்கேன் காணும் மூண்டு வருசப் படிப்பு?"

ஏன் என்று நான் சொல்லுகிறேன். என் மனைவி ஜெயாவும் மகளும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறைக்குள் வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். அவர்களை இங்கே அழைக்க விண்ணப்பம் போட்டுவிட்டு, நான் மாதா மாதம் குடிவரவு அலுவலகக் கவுண்டருக்குப் போவேன். "பதில் வரவில்லை, பொறுத்திருங்கள்" என்பார்கள். நான் தலையாட்டி, நன்றியும் சொல்லிவிட்டுத் திரும்புவேன். தமிழும் டேனிஷும் சட்டமும் தெரிந்த ஒரு ஆள் அப்போது பக்கத்தில் இருந்திருந்தால்...? அந்தக் கோபத்தில்தான் படிக்கவே தொடங்கினேன்.

இப்போது ரெலிவிஷனைப் போட்டால் நாங்கள்தான் செய்தி. தமிழர் வழக்கு! எங்களைப் போன்றவர்களின் விண்ணப்பங்களை எந்தச் சட்டப்படி நிறுத்தி வைத்தார்கள் என்று விசாரணை நடக்கிறது. பார்க்கப் பார்க்கக் கோபம் வரும். பாதி அவர்கள் மேல், மீதி ஆடிய என் தலை மேல்.

சரி, பேராசிரியரிடம் வருவோம்.

கடைசிப் பாடம், நிர்வாகச் சட்டம். வாய்மொழிச் சோதனை. பச்சைத் துணி விரித்த மேசை, அதற்குப் பின்னால் பேராசிரியரும் இன்னொரு பரீட்சகரும். ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அதிலுள்ள கேள்வியை வைத்துப் பேராசிரியர் உங்களோடு வாதாடுவார். வேண்டுமென்றே பிழையான கருத்தைச் சொல்லுவார். நீங்கள் மறுக்க வேண்டும். அதுதான் சோதனையே.

குளிர்காலத்தில் முதல் தடவை போனபோது அவர் ஒரு பிழையைச் சொல்லி, "இல்லையா?" என்று சிரித்தார். நானும் சிரித்து, ஆமாம் என்றேன். இன்னொன்று சொன்னார். அதற்கும் ஆமாம். மிக மரியாதையாகத் தோற்றேன்.

என்னை வேலைக்கு எடுக்க இருந்த வழக்கறிஞர் கோடைவரை எனக்காக இடம் வைத்திருப்பதாகச் சொன்னார். மறுசோதனையிலும் தோற்றால் அந்த இடம் வேறொருவருக்கு.

ஒருவழியாக மகளோடு இங்கே வந்து சேர்ந்துவிட்ட ஜெயா, கதையைக் கேட்டதும் குசினியில் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினாள்.

"பிழை எண்டு தெரிஞ்சும் ஓம் எண்டனீங்களோ?"

"அவர் பேராசிரியர் அல்லோ..."

"என்னோடை எண்டால் உப்புக்கும் புளிக்கும் எதிர்க்கதை கதைப்பியள். அடுத்தமுறை அந்தக் கதிரையிலை நான் இருக்கிறன் எண்டு நினையுங்கோ."

அன்றிலிருந்து இஷொயில் இருக்கும் எங்கள் வீட்டுக் குசினிதான் சோதனை மண்டபம். அவள் பிழையாகச் சொல்ல, நான் மறுக்க வேண்டும். மகள் எனக்கு முன்மாதிரி. சோற்றுக்கும் 'நை', குளிப்புக்கும் 'நை', படுக்கைக்கும் 'நை' — டேனிஷில் 'இல்லை' என்பதை இவ்வளவு அழகாகச் சொல்ல எனக்கு வராது.

செவ்வாய்க்கிழமை வந்தது. சீட்டை எடுத்தேன். 'ஒரு அலுவலகம் விண்ணப்பதாரரை எவ்வளவு காலம் காக்க வைக்கலாம்?'

என் கதையே சீட்டில் வந்து நின்றது.

"அலுவலகத்தில் வேலை அதிகம். ஒரு விண்ணப்பத்தை ஓரமாக வைத்தால் என்ன தவறு?" என்றார் பேராசிரியர்.

ஜெயாவை அந்தக் கதிரையில் இருத்தினேன், வெங்காயக் கத்தியோடு.

"நை" என்றேன். "சட்டம் கொடுத்த உரிமையை அலுவலகம் தன் வசதிக்கு ஒத்திவைக்க முடியாது."

அவர் விடவில்லை. "ஆனால் விண்ணப்பதாரர் முறைப்பாடே செய்யவில்லை. வந்தார், நன்றி சொன்னார், போனார். சம்மதம் என்றுதானே அர்த்தம்?"

அவருக்கு என்னைத் தெரியாது. கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். எனக்குக் கண் கலங்கியது. குரல் கலங்க விடவில்லை.

"நை. தலையாட்டியதால் அவர் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. அவருக்குச் சட்டம் தெரியவில்லை. தெரியாதவருக்கு வழிகாட்டுவதும் அலுவலகத்தின் கடமை. அதுவும் சட்டத்தில் இருக்கிறது."

வெளியே நிற்கச் சொன்னார்கள். திரும்பக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார்கள். பாஸ்!

வாசலில் ஜெயாவின் பக்கத்தில் மகள், இந்த நாட்டு வழக்கப்படி வாழ்த்த, சின்ன டேனிஷ் கொடியோடு நின்றாள். ஆகஸ்டில் வழக்கறிஞரிடம் வேலை. அங்கே எனக்காக முதலில் காத்திருப்பவர் வைலே நகரிலிருந்து ஒரு தமிழர். எதைக் கேட்டாலும் ஓம், ஓம் என்று தலையாட்டுகிறாராம். ஆட்டட்டும். அவருக்காக 'நை' சொல்ல இனி நான் இருக்கிறேன்.

ரெயினில் ஏறியதும் ஜெயா மெதுவாகச் சொன்னாள்:

"அதுதான் பாஸ் பண்ணியாச்சே... இனி வீட்டிலையாவது ஓம் சொல்லிப் பழகுங்கோ."