ரோட்டைக் கடக்கிற வேலை

நடந்து போகிறவர்களின் பாதுகாப்பை ஆராய்கிற வேலையில் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, அவர்கள் நடக்க ஓர் இடம். மாநிலம் முழுவதற்கும் போட்ட திட்டம் எங்கள் பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுத என்னை வைத்திருந்தார்கள். ஒரு கையை நீட்டிக்கொண்டு நடுரோட்டில் நின்று பழகிய உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

நடைபாதை

இராஜபாளையத்தில் புது நடைபாதையின் அகலத்தை அளக்கப் போனேன். அதன்மேல் பாய் ஒருவர் வடைக்கடை போட்டிருந்தார். சாப்பிடுகிறவர்கள் நடைபாதையில், நடக்கிறவர்கள் ரோட்டில். விஷயத்தைச் சொன்னேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தால், அடுப்பை அவரே நகர்த்திக் கொடுத்தார். "நல்லா அளந்துக்கோங்க தம்பி. இன்னும் கொஞ்சம் அகலமாப் போடச் சொல்லுங்க, பெஞ்சு போட இடம் பத்தல."

வெள்ளைக் கோடு

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓர் அதிகாரி பார்வையிட வருகிறார் என்று அன்று காலையில்தான் ரோட்டைக் கடக்க வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். ஜனங்கள் அதில் நடக்கிறார்களா என்று கவனிப்பது என் வேலை. யாரும் நடக்கவில்லை. பெயிண்ட் மேஸ்திரி குச்சியோடு காவல் நின்றார். பாவம், எல்லோரும் கோட்டைச் சுற்றிக்கொண்டு லாரிகளுக்கு நடுவே ஓடினார்கள். அதிகாரி ஜீப்பில் இருந்தபடியே பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். அந்த நேரம் பார்த்து ஒருவர் தெரியாமல் கோட்டில் கால் வைத்துவிட, மேஸ்திரி பாய்ந்தார். "ஏலே, பெயிண்ட் காயலைல்லா! தள்ளி ரோட்டுல போ!"

கருத்துக் கேட்பு

பாதசாரிகளின் குறைகளைக் கேட்க இராஜபாளையத்தில் கூட்டம் போட்டோம். மண்டபம் மெயின்ரோட்டின் ஒரு பக்கம், பஸ் நிற்பது மறுபக்கம். உள்ளே மைக்கில், "பாதசாரிகளுக்கு ஆர்வம் போதவில்லை" என்று ஒருவர் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து பார்த்தேன். எதிர்ப்பக்கம் மாரியம்மாள் அக்கா ஊன்றுகோலோடு நின்றார். ஸ்பின்னிங் மில்லில் வேலை. பஸ்ஸை விட்டு இறங்கிக் கடக்கும்போது பைக் மோதிக் கால் உடைந்தவர். நான்தான் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். அவர் ஓரடி வைப்பார், ஹாரன் அலறும், பின்னால் போவார். கையைக் காட்டினேன்; ஒருவரும் நிற்கவில்லை. இடைவெளி கிடைத்ததும் ஓடிப்போய், இடுப்பில் இருந்த அளவு டேப்பின் நுனியை அவருக்குப் பின்னால் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, ரோட்டின் குறுக்கே இழுத்தேன். ஏதோ சர்க்கார் வேலை என்று நினைத்து வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. அக்கா நிதானமாகக் கடந்தார். பின்னாலேயே ஒரு கூட்டம் கடந்தது.

மண்டப வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு அக்கா சொன்னார்: "திட்டமெல்லாம் பொறவு போடுங்க தம்பி. நான் திரும்பிப் போறதுக்கு யாரு டேப்பு பிடிப்பா?"

இவ்வளவு ஆராய்ந்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்றுதான்: இந்த வேலைக்கு மட்டும் நடந்து போகக் கூடாது.